கசப்புத் தண்ணீர் குடித்த வரிசை

டிக். டிக். டிடிக். தலைகீழாக மாட்டிய தண்ணீர் பாட்டிலின் கண்ணாடிக் குழாயை எலியின் முன்பல் தட்டுகிற சத்தம் அது. ஐம்பத்தொரு வருடத்துக்கு முன்னால், சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் பின்பக்கம், எலிகள் வளர்க்கிற கூடத்தின் தகரக் கதவைக் காலை ஆறே முக்காலுக்குத் திறந்தால், மரத்தூள் வாடை மூக்கில் ஏறுவதற்கு முன் அதுதான் காதில் விழும். வயிறு நிறைந்த எலி அப்படித் தட்டாது. அது தூங்கும். முந்தின நாள் காலையிலிருந்து தீனி நிறுத்தப்பட்ட எலிதான் தண்ணீரையாவது கடித்துத் தின்றுவிடலாம் என்பதுபோலக் குழாயை விடாது. அன்றைக்கு முறை வருகிற நாலு கூண்டு, நாலு குழாய், ஒன்றோடொன்று சேராத தாளம். அடுத்த வீட்டில் யாரோ தாயம் உருட்டுகிற மாதிரி இருக்கு என்று என் விடுதித் தோழி வடிவு சொல்வாள். எனக்குத் தட்டச்சுப் பள்ளிக்கூடத்தில் விரல் பழகாத பெண்கள் அடிக்கிற மாதிரி இருக்கும். இரண்டு பேரும் கதவருகே நின்று ஒரு நிமிடம் அதைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். இப்போது வடிவின் கட்டிலுக்கு மேலே கம்பியில் தொங்குகிற மருந்துப் பைக்குச் சத்தமே கிடையாது. சொட்டு திரள்கிறது, கழுத்து நீள்கிறது, விழுகிறது. கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சொட்டுக்கும் எனக்கு டிக் என்று கேட்கிறது. முதல் பை ஒரு மணி நேரம் ஓடி முடிந்துவிட்டது. இது இரண்டாவது. நாலு மணி நேரம் ஓட வேண்டும், ஐந்து மணிக்கு முடியும், முடிந்ததும் மறுபடி ரத்தம் எடுப்பார்கள், ரத்தம் உறைய எத்தனை நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள், அதைப் பார்த்தால்தான் இவள் கல்லீரல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். மணி ஒன்றேகால். திருநெல்வேலி வெயில் ஜன்னல் கம்பியின் நிழலை அவள் போர்வைமேல் போட்டிருக்கிறது. கூண்டு மாதிரி என்று நினைக்கப் போய் நிறுத்திக்கொண்டேன். மருந்தின் பெயர் எனக்குத் தெரியும். அது எதற்கு என்று இந்த வார்டில் யாரையும்விட எனக்குத் தெரியும். அதுதான் சங்கடம்.

முப்பத்துமூன்று வருடம் வகுப்பில் இதையேதான் சொல்லிக் கொடுத்தேன். கல்லீரலுக்குள் குளுட்டாதயோன் என்று ஒன்று இருக்கிறது, பெரிய பொருள் ஒன்றும் இல்லை, மூன்றே கண்ணி கோத்தது. உடம்புக்குள் வந்து சேர்ந்த வேண்டாத சரக்கைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பித்தநீரில் இறக்கிவிடும் வேலை அதற்கு. வந்தவனை வாசல்வரை கொண்டுவிடுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்த ஆள் திரும்பி வராது, விருந்தாளியோடு அப்படியே போய்விடும் என்று சொல்லிக் கரும்பலகையில் ஒரு வாசல் வரைவேன். பின்பெஞ்சுப் பிள்ளைகள் சிரிக்கும். அப்புறம் கேட்பேன், வழியனுப்பப் போகிறவர்கள் எல்லாரும் போய்விட்டால் வீட்டில் யார் இருப்பார்கள்? புதிதாகச் செய்ய வேண்டும், செய்யக் கைமுதல் வேண்டும், அந்தக் கைமுதல் சாப்பாட்டிலிருந்து வர வேண்டும். பட்டினி கிடந்தால்? அந்தக் கேள்வியோடு மணி அடிக்கும். அழகாகத்தான் சொன்னேன். முந்தாநாள் இதே வாயால் வடிவிடம், "வெறும் வயித்துல போடாத, பால் குடிச்சிட்டுப் போடு" என்று சொல்லி உள்ளங்கையில் இரண்டு மாத்திரையை வைத்தேன். ஒன்று காய்ச்சலுக்கு. ஒன்று மூட்டுவலிக்கு எலும்பு டாக்டர் எழுதியது. இரண்டு அட்டையிலும் இரண்டு பெயர், இரண்டு நிறம். இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே மருந்து. அட்டையின் முதுகில் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருக்கிறது, படித்துப் பார்க்கவில்லை. நான், படிக்காமல் எந்தப் பாட்டிலையும் மேஜையிலிருந்து எடுக்கக் கூடாது என்று எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன். ஒரு நாளைக்கு எட்டு, ஐந்து நாள். நாற்பத்தோரு கிலோ உடம்பு. கந்த சஷ்டி விரதம், பகல் முழுக்கத் தண்ணீர், சாயங்காலம் ஒரு தம்ளர் பால், ஒரு வாழைப்பழம். எலிக்கு நாங்கள் ஒரு நாள்தான் தீனி நிறுத்தினோம்.

அந்த மாத்திரையைக் கல்லீரல் உடைக்கும்போது கொஞ்சம் விஷம் உண்டாகும், நல்ல நாளில் குளுட்டாதயோன் அதைக் கைபிடித்துக் கொண்டுபோய் விட்டுவிடும். இல்லாத நாளில் அது வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். மேலே பையிலிருந்து இறங்குவது குளுட்டாதயோனைப் புதிதாகச் செய்வதற்கான கைமுதல். இதை நினைக்கும்போது எனக்குச் சாயம்தான் கண்ணில் வருகிறது. நாங்கள் எலிக்கு வால் நரம்பில் ஒரு சாயம் ஏற்றுவோம். மயக்கி, வயிற்றைத் திறந்து, பித்தக்குழாயில் மல்லிகைக் காம்பைவிட மெல்லிய ஒரு குழாயை நான் சொருகுவேன். அந்தக் கை எனக்கு, வடிவுக்கு நடுங்கும். சொட்டுச் சொட்டாகப் பித்தம் சிறு புட்டிகளில் விழும். பத்து நிமிடத்துக்கு ஒரு புட்டி. சாயம் பித்தத்தில் இருப்பது அப்படியே பார்த்தால் தெரியாது. வடிவு காரக் கரைசல் இரண்டு சொட்டு விடுவாள், உடனே நாவல்பழ நிறம் விரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது, "ஏட்டி மேபல், நாக்கை நீட்டிக் காட்டின மாதிரி இருக்குல்லா" என்றாள். குளுட்டாதயோன் நிறைய இருக்கிற எலியில் அடர்ந்த ஊதா சீக்கிரம் வரும். பட்டினி எலியில் வெளிர் ஊதா, தயங்கித் தயங்கி. எலிக்குப் பித்தப்பை கிடையாது, சேர்த்து வைக்க இடம் இல்லை, வந்தது வந்தபடி ஓடிக்கொண்டே இருக்கும். வடிவுக்கு ஐம்பது வயதில் கல் என்று பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "இனி நானும் எலிதாம்ட்டி" என்றாள். சிரித்தால் தையல் வலிக்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தாள். நான் பை உள்ள ஜாதி. எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அது வடிவின் ஆராய்ச்சி. சண்முகவடிவு, கோவில்பட்டிக்காரி. கன்னத்தில் அம்மைத் தழும்பு, எண்ணெய் வைத்து இறுக்கிய ஒற்றைச் சடை. நான் பாளையங்கோட்டை. ஒரே விடுதி, ஒரே அறை, ஒரே பேச்சு. நாங்கள் பேசுவதைக் கேட்டு மற்ற பெண்கள் சிலோன்காரிகளா என்பார்கள். பேராசிரியர் சடகோபன் தம் ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு இலையைக் காயவைத்து மூட்டையாக வரவழைத்திருந்தார். அது கல்லீரலுக்கு நல்லது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அந்த இலையின் பெயரை இப்போதும் சொல்ல மாட்டேன், பாவம், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை. இலையைத் தண்ணீரில் ஊறவைத்து ஏழு நாள் தினமும் சாயங்காலம் கீழ் வரிசை எலிகளின் தொண்டையில் குழாய் விட்டு ஊற்ற வேண்டும், மேல் வரிசைக்கு அதே போல வெறும் தண்ணீர். எட்டாம் நாள் நாலு நாலாக எடுத்து அறுத்து எந்த வரிசையில் சாயம் சீக்கிரம் வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும். அறுப்பதற்கு முன் ஒரு பகலும் ஓர் இரவும் இரண்டு வரிசைக்கும் தீனி கிடையாது. இதுதான் வேலை. இலைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன், கசப்பு மறுநாள் காப்பிவரைக்கும் வரும். எலிக்கூடத்தைக் காத்தது துரைக்கண்ணு. வடசென்னைக்காரர், நாற்பது வயது இருக்கும், காக்கி அரைக்கால் சட்டை, தற்காலிக வேலை, மூன்று பெண் குழந்தைகள். ஒவ்வொரு எலிக்கும் ஏதோ ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுவார். வடிவின் அண்ணன் மாசாமாசம் கோவில்பட்டியிலிருந்து கடலைமிட்டாய் அனுப்புவார். தகர டப்பாவில், மேலே வெள்ளைத் தாள். வடிவு அதில் பாதியைத் துரைக்கண்ணுவிடம், "வீட்டுல பிள்ளைகளுக்குக் குடுங்கண்ணே" என்று கொடுத்துவிடுவாள். மீதிப் பாதிக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம். பல்லால் கடித்தால் டக்கென்று உடையுமே அந்தச் சத்தம், அதைக் கேட்டே எதிர் அறையிலிருந்து பெண்கள் வந்துவிடுவார்கள்.

இலை ஊற்றத் தொடங்கின இரண்டாம் வாரம் என்று நினைக்கிறேன், காலையில் தகரக் கதவைத் திறந்தபோது ஏதோ குறைந்திருந்தது. என்ன என்று புரியவில்லை. நாலு குழாயில் இரண்டுதான் தட்டிக்கொண்டிருந்தன. மேல் வரிசை மட்டும். கீழ் வரிசை தூங்கியது. நான் வடிவிடம், "பாரு, இலை குடிச்சதுக்கு என்ன அமைதி" என்றேன். அவள் சந்தோஷப்பட்டு அதைக் குறிப்பேட்டில் எழுதினாள், பேராசிரியர் அதற்கு அடியில் கோடு போட்டார். சாயமும் அப்படியே வந்தது, கீழ் வரிசைப் புட்டிகள் எல்லாம் நாவல்பழம், மேல் வரிசை எல்லாம் வெளுத்த ஊதா. பேராசிரியர் புட்டிகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். லக்னோவில் ஒரு மாநாடு, வடிவுதான் போய்ப் படிக்க வேண்டும் என்று முடிவானது. மெட்ராஸுக்கு வடக்கே அவள் போனதே இல்லை. கம்பளி இரவல் வாங்கினாள். நான் மட்டும் வயிற்றைத் திறக்கிறவள். கீழ் வரிசை எலியின் இரைப்பை கனமாக இருந்தது. பட்டினி எலியின் இரைப்பை காலிப் பை மாதிரிச் சுருங்கியிருக்க வேண்டும். மரத்தூளைத் தின்றிருக்கும் என்று ஒரு நாள் விட்டேன். மறுநாளும் விட்டேன். மூன்றாம் நாள் கத்தரியின் நுனியால் தொட்டுப் பார்த்தேன், உள்ளே நிலக்கடலையின் சிவப்புத் தோல். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு எலிக்கூடத்துக்குப் போய்ச் சத்தம் காட்டாமல் நின்றேன். துரைக்கண்ணு கீழ் வரிசைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கடலைமிட்டாயை உள்ளங்கையில் வைத்துக் கல்லால் நொறுக்கிக் கம்பி வழியாக ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கூச்சப்படவே இல்லை. "இன்னா தங்கச்சி அப்டி பாக்குற? கசப்புத் தண்ணி குட்ச்ச புள்ளைக்கு வாய்க்கு ஒண்ணியும் குடுக்காம படுக்க வெப்பாங்களா?" என்றார். மேல் வரிசைக்குக் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். "அதுங்க குட்ச்சது பச்சத் தண்ணிதானே, அதுக்கு எதுக்கு இனிப்பு?" என்று அவர் கேட்டதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், கஷாயம் விழுங்கினதும் அம்மா வாயில் சர்க்கரை போடுவாள், எந்த வீட்டில்தான் இல்லை? இலை ஒன்றும் செய்யவில்லை. மிட்டாய்தான் சாயத்தை வாசல்வரை கொண்டுவிட்டது. நான் வடிவிடம் சொல்லவில்லை. ஒரு நாள் இல்லை, மூன்று வாரம். அவள் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் படித்துப் பழகிக்கொண்டிருந்தாள். சொன்னால் முகம் எப்படிப் போகும் என்று பயம் என்று அன்றைக்கு நினைத்தேன். பொறாமையும் இருந்திருக்கலாம், அவள் ஏறட்டும், ஏறின பிறகு பார்க்கலாம் என்று. தெரியவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவை ஒவ்வொன்று கிடைக்கிறது. ரயில் டிக்கெட் வந்த அன்று மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது சொன்னேன். கம்பளியை மடித்துக்கொண்டிருந்தாள். "எத்தன எலிட்டி?" என்றாள். "எல்லாம்." கம்பளியைக் கடைசி மடிப்புவரை மடித்துவிட்டு, "அதான் தூங்கிருக்கு" என்றாள்.

சொட்டு விழுகிறது. வடிவு வாயைத் திறந்து தூங்குகிறாள். வெளிச்சத்தில் கண்ணிமை மஞ்சளாகத் தெரிகிறது. நாலாம் நாள்வரைக்கும் இவள் படுக்கையில் முருகன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள், நான் அடுப்படியில் நின்றாலும் கேட்கும், எனக்கே பாதி மனப்பாடம். நாலாம் நாள் மத்தியானம் முணுமுணுப்பு நின்றுவிட்டது. காய்ச்சல் விட்டுவிட்டது, நல்லா தூங்குதாள் என்று நினைத்து நான் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து நாளிதழ் படித்தேன். அப்படித்தான் நினைத்தேன், நல்லா தூங்குதாள் என்று. காதை நம்புகிறவள் நான். சத்தம் நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு ஒரு தடவை சொல்லித் தந்தாயிற்றே. விரதத்தை விடு என்று ஏன் நான் சொல்லவில்லை? கிறிஸ்தவச்சி, அவள் சாமி விஷயத்தில் நான் எப்படி என்று ஒரு மரியாதை. ஆறு வருடமாக ஒரே வீடு. என் கணவர் போன பிறகு, அண்ணன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தாள். சமையல் ஒன்று, ஜெபம் இரண்டு. தவக்காலத்தில் நான் மீன் சாப்பிடாமல் இருந்தால் அவளும் எனக்காகத் தயிர்சாதம் சாப்பிடுவாள், சொல்லிக் காட்ட மாட்டாள். மரியாதை. துரைக்கண்ணுவுக்கு அந்த மரியாதை இல்லை, அவர் நொறுக்கிக் கையில் வைத்து ஊட்டினார். இன்று காலை ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு என்னை அம்மா என்று கூப்பிட்டாள். இங்கே வந்து குளுக்கோஸ் ஏறினதும் தெளிந்துவிட்டாள். டாக்டர் நஸ்ரின், முப்பது வயது இருக்காது, குனிந்து, "இவ்வளவு மாத்திரை யாரு பாட்டி குடுத்தா?" என்று கேட்டாள். நான் கட்டிலின் தலைமாட்டில் நின்றேன். வடிவு என்னைப் பார்க்கக்கூட இல்லை. "நானேதான் எடுத்துப் போட்டேன்" என்றாள். டாக்டர் எழுதினாள். வெளியே வந்து என்னிடம் மெதுவாக, தானாக எடுத்ததென்றால் போலீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், மனநல மருத்துவரும் வந்து பார்ப்பார், வயதானவர்கள் தனிமையில் இப்படிச் செய்துகொள்வது நிறைய நடக்கிறது, நீங்க கவலைப்படாதீங்க என்றாள். நான் கவலைப்படாமல் தலையை ஆட்டினேன்.

அதே தலையைத்தான் அன்றைக்கும் ஆட்டினேன். பேராசிரியர் அறை. ஜன்னல் விளிம்பில் ஊதாப் புட்டிகள். உடைந்த கண்ணாடிச் சாமான்கள் வைக்கிற அலமாரிக்குப் பக்கத்தில் நான், மேஜைக்கு முன்னால் வடிவு. கீழ் வரிசைக்குத் தீனி போயிருக்கிறது சார், அத்தனையும் தப்பு என்றாள். அவர் நீண்ட நேரம் புட்டிகளைப் பார்த்தார். "யார் போட்டது? அந்தத் துரைக்கண்ணுவைக் கூப்பிடு." தற்காலிக வேலை. மூன்று பெண் குழந்தைகள். "நான்தான் சார் போட்டேன். எங்க வீட்டுக் கடலைமிட்டாய். வாய் கசக்குமேன்னு" என்றாள் வடிவு. அவர் என்னைப் பார்த்தார். ஆமாவா என்பதுபோல. நான் தலையை ஆட்டினேன். ஊசியைக் கையில் பிடிக்கவே உனக்கு யோக்கியதை இல்லை என்றார் அவளிடம். விடுதிக்கு நடந்து வரும்போது வேப்பஞ்சருகு விழுந்து பாதையெல்லாம் சரசரத்தது. "ஏம்ளா பொய் சொன்ன?" என்று கேட்டேன். "பொய் என்ன? மிட்டாய் என்னோடதுதானே" என்றாள். அந்தச் சமாதானம் அவளுக்குப் போதுமாக இருந்தது. கம்பளியைத் திருப்பிக் கொடுத்தாள். சித்திரை பிறப்பதற்குள் ஊருக்குப் போய்விட்டாள், கடைசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர், முப்பது வருடம். துரைக்கண்ணுவுக்குக் கடைசிவரைக்கும் எதுவும் தெரியாது. எழும்பூர் ஸ்டேஷனுக்கு வந்து, "படிப்ப வுட்டுட்டு ஏன் தங்கச்சி போற, கல்யாணமா?" என்று கேட்டு, அவள் கொடுத்த டப்பாவையே கழுவி அதில் முறுக்கு வைத்துக் கொடுத்தார். வழியனுப்பிவிட்டு நான் திரும்பி வந்தேன். அந்தச் சோதனையை மறுபடி நான் செய்தேன், இரண்டு வரிசைக்கும் முழுப் பட்டினி. இலைக்கும் தண்ணீருக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. ஆனால் மிட்டாய் தின்ற எலிக்கும் தின்னாத எலிக்கும்? அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டேன். பட்டினியில் குளுட்டாதயோன் எவ்வளவு இறங்குகிறது, இறங்கினால் சாயம் பித்தத்துக்கு வர எவ்வளவு தாமதம். நாலு வருடம், இருநூறு பக்கம், பட்டம், வேலை, முப்பத்துமூன்று வருடக் கரும்பலகை. முன்னுரையில் பேராசிரியருக்கு நன்றி, நூலகருக்கு நன்றி, தட்டச்சு செய்தவருக்கு நன்றி. அவளுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். "அட்டை நல்லாருக்கு" என்று கார்டு போட்டாள்.

மணி மூன்றரை. பையில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. வடிவு கண்ணைத் திறந்தாள்.

"ஏட்டி. சூரசம்காரம் முடிஞ்சாச்சா?"

"இல்ல. நாலரைக்குத்தான். வாயில ஏதாவது போடு, டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்கா, சக்கரை இறங்குதாம்."

"அஞ்சர நாள் இருந்துட்டு ஒரு மணி நேரத்துக்கு விடச் சொல்லுதியா?" உதடு வெடித்திருந்தது. நாக்கால் தடவிக்கொண்டாள். "வாய் கசக்குட்டி. வேப்பங்கொட்டையக் கடிச்ச மாதிரி."

நான் கைப்பையைத் திறந்து மூடினேன். மத்தியானம் அவள் தூங்கும்போது கீழே கடைக்குப் போய் வாங்கியது உள்ளே இருக்கிறது, கண்ணாடித் தாளில் சுற்றி, அதே கோவில்பட்டி. இப்போது கொடுத்தால் வாங்க மாட்டாள், எனக்கு அவளைத் தெரியும். "உன் அண்ணன் மகன் வாரான்" என்றேன். "போலீசும் வருமாம். நீயா எடுத்துப் போட்டன்னு எழுதியிருக்கு. சாகப் பாத்தியாம்."

வடிவு யோசித்தாள். அப்புறம் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. "எழுவத்தஞ்சு வயசுல எனக்கு எதுக்குட்டி அவசரம்? எழுதட்டும், எழுதட்டும். நீ பெரிய புரொபசர். உன் பேரு எதுக்கு?" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். மூடின இமைமேல் ஒரு ஈ உட்கார்ந்தது, விரட்டினேன். உன் பேரு எதுக்கு. கார்டில் எழுதினாளே, அட்டை நல்லாருக்கு. அட்டையில் என் பேர் மட்டும்தான் இருந்தது. அந்த வாக்கியத்தில் குத்தல் இருக்கிறதா என்று நான் எத்தனை வருடம் அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன். இல்லை. இவளிடம் சேர்த்து வைக்க இடமே இல்லை. வந்தது வந்தபடி போய்விட்டது. நான்தான் அதை ஐம்பது வருடம் ஊறவைத்துக் கெட்டியாக்கினேன். எழுந்தேன். முட்டி உறுத்தியது, இவளுக்கு மட்டுமா மூட்டுவலி. செவிலியர் மேஜைக்கும் இந்தக் கட்டிலுக்கும் பதினைந்து அடிதான். நடக்க நடக்க நீண்டது. டாக்டர் நஸ்ரின் நின்றுகொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்கம்மா" என்றாள். அந்தத் தாளில் எழுதியிருப்பது சரியில்லை என்றேன். மாத்திரையை உரித்துக் கையில் வைத்தது நான். இரண்டு அட்டை, இரண்டிலும் ஒரே மருந்து, நான் படித்துப் பார்க்கவில்லை. அவளுக்குச் சாக வேண்டும் என்ற எண்ணமே கிடையாது. அவள் ஆறு நாளாக விரதம், அதுவும் எனக்குத் தெரியும்.

"அவங்க தானே எடுத்தேன்னு சொன்னாங்களே?"

"அவ அப்படித்தாம்மா சொல்லுவா. இது ரெண்டாந் தடவை."

டாக்டருக்கு அது புரிந்திருக்காது. "நீங்க என்ன வேலை பாத்தீங்க?" என்றாள். சொன்னேன். எந்தப் பாடம் என்றும் சொன்னேன். டீ டம்ளரை மேஜைமேல் வைத்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன், ஐம்பது வருடமாக ஒரு திட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. அவள் பேனாவை எடுத்து அந்த வரியின்மேல் ஒரே கோடு போட்டாள், பக்கத்தில் கையெழுத்திட்டாள். "எந்தெந்த நேரம், எத்தனை எத்தனை, கடைசியா எப்போ, எல்லாம் ஒண்ணு விடாம சொல்லுங்க. அவங்க சொன்னது எதுவும் பொருந்தலை" என்றாள். சொன்னேன். அந்தக் கணக்கு மட்டும் எனக்குத் துல்லியமாக ஞாபகம் இருந்தது, காலை ஏழு, பதினொன்று, மூன்று, இரவு ஒன்பது. திரும்பி வந்தபோது வடிவு விழித்திருந்தாள். பதினைந்து அடி, வார்டில் அவ்வளவு அமைதி. "உன்னை யாரு கேட்டா?" என்றாள். கோபம்தான். அவள் கோபத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. "யாரும் கேக்கல" என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். டிக், டிக் என்று எனக்கு மட்டும் கேட்டது.

நாலரைக்கு அடுத்த கட்டில் பெண்ணின் மகள் கைபேசியில் திருச்செந்தூரை வைத்தாள். கடற்கரையில் லட்சம் தலை, அந்தச் சின்னக் கண்ணாடியில் கடுகு மாதிரி. கூச்சலும் மேளமும் கடற்காற்றும் சேர்ந்து இரைந்தது. வடிவு சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். யானைமுகம் விழுந்தது. சிங்கமுகம் விழ நேரமானது. "சூரன் மாமரம் ஆயிட்டானா?" என்று கேட்டாள், என்னிடம் இல்லை, அந்தப் பிள்ளையிடம். "இன்னும் இல்ல பாட்டி. இந்தா, ஆயிட்டான்." கடல் இரைச்சலைவிடப் பெரிதாகக் கூட்டம் கத்தியது. வடிவு கையைத் தூக்கிக் கும்பிட்டாள், ஊசி குத்தின கையையும். குழாய் ஆடியது, சொட்டு ஒரு கணம் நின்று மறுபடி விழுந்தது. அப்புறம் இந்தப் பக்கம் திரும்பினாள். நான் பையைத் திறந்தேன். கண்ணாடித் தாள் சரசரத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஏ, எங்க ஊரு" என்றாள். இவ்வளவு கெட்டியாக இருக்கிறதை எப்படித் தின்பாள், எனக்கே மேல்பல் நாலு கட்டினது. இங்கே கல்லும் இல்லை. ஓரத்தை வாயில் வைத்துக் கடித்தேன். டக்கென்று உடைந்தது. ஒரு சிவப்புத் தோல் உதட்டில் ஒட்டிக்கொண்டது. உடைந்ததில் சின்னத் துண்டாக ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"எச்சியாட்டி?"

"ஆமா."

"சரி, குடு."

உள்ளங்கையில் வைக்கவில்லை, வாயிலேயே வைத்தேன். ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடி உறிஞ்சினாள். அந்தத் துண்டு பல்லில் மோதுகிற சத்தம் கேட்டது. ஐந்து மணிக்குப் பை காலியானது. செவிலி வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு வடிவு மூன்று வருடமும் நாலு மாதமும் இருந்தாள்.